பாதமலையும் நம் பாதங்களும்

தமிழிலே ‘அடி’ என்பது பல பொருள் தாங்கி நிற்கும் சிறு சொல். காலின் பாதமும் அடி. அப்பாதம் பெயர்த்து வைக்கும் எட்டும் அடி. மலையின் கீழ்ப்புறமும் அடி. அதன் உயரத்தை அளக்கும் அளவும் அடி. செய்யுளின் வரிக்கும் அதுவே பெயர். திருக்குறளின் முதல் அதிகாரத்திலுள்ள பத்துக் குறள்களுள் ஏழு, இறைவனின் தாளையோ அடியையோ பேசுகின்றன. இப்பொருள்களுட் பல ஒருங்கே வந்து கூடும் இடம் ஒன்று நம் இலங்கையில் உண்டு. அதுவே சிவனொளிபாதமலை. அதன் உயரம் 7,359 அடி. அதனை ஏற நம்மிடம் உள்ளவை இரண்டு அடிகள். உச்சியிலே நாம் காணச் செல்வதும் ஓர் அடியே.

ஆயினும் அம்மலையைப் பற்றி எழுதியோர் உச்சியிலுள்ள பாதத்தைப் போற்றினரேயன்றி, நம்மை அங்கே கொண்டு சேர்க்கும் பாதத்தைப் பற்றி அதிகம் பேசினாரல்லர். குதிகால் நோவோடு போராடிய அன்பர் ஒருவருடன் இருமுறை அம்மலைக்குச் சென்றவர் நாம். ஆதலின் இவ்விரு பாதங்களையும் சேர்த்தே இங்கு எழுத முற்படுகின்றோம்.

பல பெயர்கள், ஒரு மலை

இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவன்று. அப்பெருமை 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதாலகால மலைக்கே உரியது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர்தான். ஆனால் பிதுருதாலகாலவோ சூழவுள்ள மலைகளோடு கலந்து நிற்பது. இதுவோ கூம்பு வடிவிலே தனித்து எழுந்து, வானத்தைச் சுட்டும் விரல் போல் நிற்பது. கடலில் வந்த மாலுமிகள் இம்மலையைக் கண்டே கரையை அறிந்தனர் என்பர்.

உச்சிப் பாறையிலே ஏறத்தாழ 6 அடி நீளமுள்ள ஒரு பாதச் சுவடு. சைவர்களுக்கு அது சிவபெருமானின் திருவடி. பௌத்தர்களுக்கு அது புத்தபிரானின் ஸ்ரீ பாதம். இஸ்லாமியர் அதனை ஆதம் நபியின் சுவடு என்பர். கிறிஸ்தவர்களுள் சிலர் அதனைத் தோமா அப்போஸ்தலருடையது என்று கொள்வர். சிங்கள மக்கள் மலையின் காவற்றெய்வமாகிய சமன் தேவரின் பெயரால் இதனைச் சமனல கந்த என்றும் அழைப்பர். உரிமை கொண்டாடும் சமயங்கள் நான்கு. ஆனால் ஏறும் படிகள் எல்லோருக்கும் ஒன்றே. ஏறுவோரின் கால்வலியும் ஒன்றே!

இவ்வலியை அக்கால அரசரும் அறிந்திருந்தனர் போலும். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், பாதமலை செல்லும் யாத்திரிகர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைப்பதற்காகக் கிராமங்களை மானியமாக அளித்தான். அம்பகமுவவிலுள்ள கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகின்றது.

1344 ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா இங்கு வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாண இராச்சியத்தின் தமிழ் மன்னரான அவர், பாதத்தைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிம் யாத்திரிகருக்குப் பல்லக்கொன்றைக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், அந்தணர் மூவரையும், உணவு சுமப்போரையும் உடன் அனுப்பினார். உச்சியை நெருங்கும் பாறைகளில் இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதையும், வழியில் அட்டைகள் வந்து ஒட்டியதையும், அவற்றின்மேல் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்து விழச் செய்ததையும் இபுன் பதூதா எழுதிவைத்துள்ளார். மலைக்கு இரண்டு வழிகள் இருந்தனவாம். ஒன்று கடினமான ‘பாபா’ வழி. மற்றது எளிதான ‘மாமா’ வழி. முன்னது ஆதமின் பெயராலும் பின்னது ஏவாளின் பெயராலும் வழங்கின. எளிய வழியால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே அக்காலத்தார் மதிக்கவில்லை என்றும் அவர் குறிக்கின்றார். காலை வருத்தினாற்றான் புண்ணியம் என்னும் எண்ணம் அத்தனை பழையது.

இவ்வெண்ணத்தைச் சிறிது ஆராய்தல் நன்று. நம்முடன் வந்த அன்பரின் கதை அதற்கு உதவும்.

நில அளவையாளரின் குதிகால்

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வயது அறுபத்தொன்று. நாம் அவரை அண்ணர் என்றே அழைப்பது வழக்கம். வன்னிக் காடுகளிலும் மலைநாட்டுச் சரிவுகளிலும் சங்கிலியும் கோலும் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர். பாதமலையை ஏழுமுறை ஏறியவர். ஓய்வு பெற்றபின், பாடசாலையிற் படிக்கும் தம் இளைய மகளை எட்டாவது முறைக்குத் துணையாக அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம்.

அதற்கென அவர் 2022 ஆம் ஆண்டின் இறுதியிலே நடைப் பயிற்சியைத் தொடங்கினார். சில மாதங்கள் வீட்டில் அமர்ந்திருந்த உடம்பு, திடீரென நாள்தோறும் 10 கிலோமீற்றர் தார் வீதியிலே நடக்கலாயிற்று. காலில் இருந்ததோ அடி தேய்ந்த பழைய சப்பாத்து. மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, கட்டிலை விட்டு இறங்கி முதல் எட்டு வைத்தபோது, வலது குதிகாலின் அடியில் ஆணி தைத்தாற் போன்ற வலி. பத்து எட்டு நடந்ததும் அது குறைந்தது. மறுநாளும் அவ்வாறே. மலைக்காகத் தொடங்கிய நடையே மலைக்குத் தடையாயிற்று.

வலியோடுதான் 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதன்முறை நாங்கள் மூவரும் நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டோம். தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, ஜப்பானியத் துறவிகள் எழுப்பிய வெண்ணிறச் சமாதான தூபியையும் தாண்டி, சீத்த கங்குல என்னும் குளிர்ந்த ஓடையை அடைந்தபோது, அண்ணர் குதிகாலை நிலத்தில் ஊன்றவே மாட்டாதவராய்க் காலை இழுத்தார். செங்குத்தான படிகள் அதற்கப்பால்தான் தொடங்குகின்றன. அவர் ஒரு கல்லில் அமர்ந்து, மேலே வரிசையாய் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை நெடுநேரம் பார்த்தார்.

“திரும்புவம்” என்றார்.

மகளின் கண் கலங்கிற்று. அண்ணர் அவளைப் பார்த்து, “மலை அளக்கப் போனவனுக்கு எங்க நிக்கிறதெண்டும் தெரிய வேணும் பிள்ளை” என்றார். அம்முறை நாம் திரும்பினோம். அத்திரும்பலே அடுத்த ஆண்டின் ஏற்றத்துக்கு வழி செய்தது.

நோவின் காரணம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுக்களும் உள்ளன. இவ்வெலும்புகள் தட்டையாக அடுக்கப்படவில்லை. பாலத்தின் வளைவு போல் அமைந்துள்ளன. அவ்வளைவைக் கீழிருந்து இழுத்துப் பிடிப்பது, குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை விரியும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று. நாம் எட்டு வைத்து விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கும்போது, கப்பியிலே கயிறு சுற்றுவது போல இப்பட்டை இறுகி வளைவை உயர்த்துகின்றது. நடையின் விசை அதனால் உண்டாகின்றது.

பழக்கத்துக்கு மேற்பட்ட நடை, கடினமான தரை, தேய்ந்த பாதணி, மிகுந்த உடற்பாரம், இறுகிய கெண்டைத் தசை ஆகியவை இப்பட்டையை அது தொடங்கும் குதிகால் எலும்பருகிலே நாளும் சிறிது சிறிதாகப் பழுதாக்குகின்றன. உறக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை சுருங்கிக் கிடக்கும். விடியலில் வைக்கும் முதல் எட்டு அதனைத் திடீரென இழுக்கின்றது. அதனாற்றான் காலை முதல் எட்டே மிகக் கொடியதாயிருக்கின்றது. நம் ஊரவர் இதனைக் குதிகால் வாதம் என்பர். வைத்தியர்கள் பிளான்டர் பசியைட்டிஸ் என்பர்.

அண்ணர் முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். குதிகால் எலும்பில் சிறிய முள் ஒன்று தென்பட்டது. அந்த முள்ளை வெட்டி எடுத்தாலன்றி நோவு தீராது என்று அயலவர் பலர் கூறினர். வைத்தியரோ சிரித்தார். அத்தகைய முள் வலி சிறிதுமில்லாதவர் பலருக்கும் இருப்பதுண்டு. வலியின் குற்றவாளி பெரும்பாலும் முள்ளன்று என்று அவர் விளக்கினார். ஊசியைப் பற்றியும் கேட்டோம். ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரலாம். அடிக்கடி ஏற்றினால் அந்நார்ப்பட்டை அறுந்துவிடவும் கூடும் என்றார். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் கத்தியும் ஊசியுமின்றியே குணமாகும். ஆனால் பொறுமையும் பயிற்சியும் வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

பொறுமையின் பத்து மாதங்கள்

இயன்மருத்துவர் ஒருவர் கற்பித்த பயிற்சிகளை அண்ணர் வீட்டிலேயே செய்தார். வாசகர்களுட் பலருக்கும் பயன்படுமாதலின் அவற்றை இங்கு தருகின்றோம்.

முதலாவது, கட்டிலை விட்டு இறங்குமுன் செய்வது. நோவுள்ள காலை மற்ற முழங்காலின் மேல் வைத்து, கால்விரல்களைக் கையாற் பற்றி முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்து, பத்து எண்ண வேண்டும். இவ்வாறு பத்து முறை. நாளுக்கு மூன்று வேளை. நெடுநேரம் அமர்ந்து எழுமுன்னும் செய்தல் நலம்.

இரண்டாவது, கெண்டைத் தசைக்குரியது. சுவரில் கைகளை ஊன்றி, நோவுள்ள காலைப் பின்னே நீட்டி, குதிகால் நிலத்தை விட்டு எழாதபடி முன்னே சாய்ந்து அரை நிமிடம் நிற்றல்.

மூன்றாவது, சில வாரங்களின் பின் சேர்க்கப்பட்டது. படியின் விளிம்பிலே முன்பாதத்தை வைத்து, விரல்களின் கீழ் மடித்துச் சுருட்டிய துவாயை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குதல். மூன்று எண்ணி ஏறவும், இரண்டு எண்ணி நிற்கவும், மூன்று எண்ணி இறங்கவும் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாளே இது செய்யத்தக்கது. வலியை ஆற்றுவது மட்டுமன்றி, பட்டையை உறுதிப்படுத்துவதும் இதன் நோக்கம்.

இவற்றோடு, மாலையில் போத்தலில் உறைந்த நீரை வைத்துப் பாதத்தின் கீழ் பத்து நிமிடம் உருட்டினார். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நடப்பதை விட்டார். யாழ்ப்பாணத்து வீட்டிலே செருப்போடு நடப்பது நம் வழக்கமன்று. அதனால் வாயிலைத் தாண்டாத, வீட்டுக்கென்றே ஒதுக்கிய மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்கப்பட்டது. மனைவியார் முதலில் முகஞ் சுளித்தார். பின்னர் தமக்கும் ஒரு சோடி வாங்கினார்!

நடை முற்றாக நின்றுவிடவில்லை. நடையே உயிராக வாழ்ந்தவரை ‘நடவாதீர்’ என்றால் அவர் மனம் நோயுறும். பதினைந்து நிமிடத்திலிருந்து தொடங்கினார். ஒரு விதியை மட்டும் தவறாது கைக்கொண்டார்: இன்றைய நடை மிகையா அன்றா என்பதற்கு நாளைக் காலை முதல் எட்டே நீதிபதி. அவ்வெட்டின் நோவு முந்திய நாளினும் கூடினால் நடையைக் குறைத்தல். கூடாவிடின் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டுதல். எஞ்சிய நேரத்துக்கு யாழ்ப்பாணத்தார் மறவாத சைக்கிள் உதவிற்று. மூச்சும் தொடைத் தசையும் வலுவிழக்காமல் அது காத்தது.

யாழ்ப்பாணத்திலே மலையேறப் பழகுவது எங்ஙனம்? குடாநாடு உள்ளங்கை போல் சமமானது. உறவினர் ஒருவரின் மாடிவீட்டில் 18 படிகள் இருந்தன. நாற்பது முறை ஏறினால் 720 படிகள் என்று மகள் கணக்கிட்டாள். மார்கழியில் அப்பாவும் மகளும் அவ்வாறே ஏறி இறங்கினர். வீட்டுக்காரர், “கோயில் சுற்றிறமாதிரி எங்கட படியைச் சுற்றினம்” என்று பகிடி பண்ணுவார்.

நல்லதண்ணியில் ஒரு மாலை

மலையேறும் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியன்று தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிவடையும். ஏனைய மாதங்களில் மழையும் காற்றும் மிகும். அட்டன் வழியும் இரத்தினபுரி வழியும் பெரும்பாலோர் அறிந்தவை. இரத்தினபுரி வழி நீண்டது, கடினமானது. அட்டனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணியை அடைந்தால், அங்கிருந்து ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரமே. ஆனால் அத்தூரத்துள் 1,000 மீற்றர் அளவுக்கு உயர வேண்டும். படிகளோ 5,000 க்கு மேல்.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிர்த்து, சன நெருக்கடி குறைந்த நாளொன்றில் நாங்கள் மூவரும் மீண்டும் வந்தோம். மஸ்கெலியாவை அண்மிக்கும்போது மவுசாக்கலை நீர்த்தேக்கம் கண்ணாடி போல் விரிந்து கிடந்தது. பழைய மஸ்கெலியா நகரம் 1960 களின் இறுதியில் அந்நீரின் கீழ்ச் சென்றது. நீர் வற்றும் காலத்தில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு.

நல்லதண்ணியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, அண்ணர் சப்பாத்தைக் கழற்றி விரல்களை இழுத்துக்கொண்டிருந்தார். கடை வாங்கில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அதனை உற்றுப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் தோட்டத்திலே கொழுந்து பறித்தவராம்.

“குதிகாலுங்களா ஐயா? எனக்கும் இருந்திச்சு. காலையில கால ஊன முடியாது.”

“என்ன செய்தனீங்கள் அம்மா? ஓய்வெடுத்தீங்களோ?” என்று அண்ணர் கேட்டார்.

“எங்க காலுக்கு ஏதுங்க லீவு? வெள்ளென பெரட்டுக்குப் போகணும். ராத்திரி சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கால வச்சுக்குவேன். அம்புட்டுத்தான்.”

தம் பாதத்தைச் சிறிது தூக்கிக் காட்டினார். காய்ப்பேறி வெடித்த குதிகால்; மலைப் பாறையைப் போலவே இருந்தது. செங்குத்தான சரிவிலே, ஈரத்திலே, கூடையைத் தலையில் மாட்டி நாள் முழுதும் நின்ற கால் அது. நாம் ஒருமுறை ஏறிவிட்டுப் பெருமை பேசும் ஏற்றத்தை அக்கால் கூலிக்காக நாள்தோறும் ஏறியது.

அண்ணர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அவர் அருகிற் சென்றமர்ந்து, விரல்களை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைச் செய்து காட்டினார். அதற்குக் காசும் வேண்டியதில்லை, லீவும் வேண்டியதில்லை. மூதாட்டியார் தம் பேத்தியை அழைத்து, “ஒங்கம்மாவுக்குக் காட்டணும், நல்லாப் பாத்துக்க” என்றார். ஓய்வு என்னும் மருந்து எல்லோருக்கும் எட்டுவதன்று என்பதை அம்மாலை நாம் கண்டோம். நோவு பற்றி எழுதுவோர் இதனை மறத்தல் ஆகாது.

இரவின் ஏற்றம்

சூரிய உதயம் காண விரும்புவோர் பலர் நள்ளிரவு கடந்தபின் புறப்பட்டு, மூன்று நான்கு மணி நேரத்தில் விரைந்து ஏறுவர். நாம் இரவு ஒன்பதரை மணிக்கே புறப்பட்டோம். விரைவு நமக்கு வேண்டாதது. அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் இருப்பது எனத் தீர்மானித்தோம். வேறொரு தீர்மானமும் உண்டு. வலியைப் பத்தில் எத்தனை என்று அண்ணர் உண்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்தைத் தொட்டால், உச்சி எவ்வளவு அருகிலிருப்பினும் திரும்ப வேண்டும். கணக்குப்பிள்ளை மகளே.

முதன்முறை ஏறுவோரைச் சிங்கள யாத்திரிகர் கோடுகாரர் என்று அன்போடு அழைப்பர். வழியில் வந்த ஒரு முதியவர் மகளை அவ்வாறு அழைத்து வாழ்த்தினார். வெள்ளை உடுத்த பாட்டிமார் பேரப்பிள்ளைகளின் தோளைப் பற்றி ஏறினர். வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. இந்திகட்டுப்பான என்னுமிடத்தில் ஊசியும் நூலும் காணிக்கையாக இடுவர். புத்தபிரான் அங்கே தம் சீவரத்தைத் தைத்தார் என்பது ஐதிகம்.

சீத்த கங்குலவில் சென்ற ஆண்டு அமர்ந்த கல்லைக் கண்டோம். அண்ணர் அதில் அமரவில்லை. கையால் ஒருமுறை தொட்டுவிட்டுச் சென்றார். யாத்திரிகர் இங்கே நீராடியோ முகங் கை கால் கழுவியோ செல்வர். அக்குளிர் நீர் உளைந்த காலுக்கு அமுதமே. ஆனால் ஈரக் காலோடு காலுறை அணிந்தால் தோல் உராய்ந்து கொப்புளமாகும். நன்றாகத் துடைத்து உலர்த்தி, வேறு காலுறை மாற்றிக்கொண்டோம். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைப்பது. கம்பளியாலோ செயற்கை நூலாலோ ஆனதே மேல். தோலில் எங்கேனும் சூடு உணர்ந்தால், அது கொப்புளமாகுமுன் அவ்விடத்தில் பிளாஸ்ரரை ஒட்டிவிட வேண்டும்.

அப்பால் படிகள். சில விரலளவு உயரம், சில முழங்காலளவு. அவசரத்தில் ஏறுவோர் முன்பாதத்தை மட்டும் படியில் வைத்துத் தாவுவர். அப்போது பாரமெல்லாம் கெண்டைத் தசையிலும் குதிகாற் பட்டையிலும் விழும். அண்ணர் முழுப் பாதத்தையும், குதிகாலோடு, படியில் ஊன்றி ஏறினார். கையிலே ஊன்றுகோல் இரண்டு.

மகாகிரிதம்ப என்னும் கடைசிச் செங்குத்திலே காற்று ஊசி போற் குத்திற்று. கைப்பிடிக் கம்பியைப் பற்றியே ஏற வேண்டிய இடம் அது.

“அப்பா, எத்தினை?” என்றாள் மகள்.

“மூண்டு.”

இருபது படி சென்றதும் மீண்டும் கேட்டாள். அவர் உடனே விடை சொல்லவில்லை. “நாலு” என்றார். “நாலரையெண்டும் சொல்லலாம்.”

மேலே விளக்குகள் தெரிந்தன, மணியோசையும் கேட்டது. இத்தனை அருகில் வந்து திரும்புவதா? நம் நெஞ்சு படபடத்தது. “அண்ணை, இருந்து பாப்பம்” என்றோம். ஒரு சிறு கடையின் ஓரத்தில் அமர்ந்தார். சப்பாத்தைக் கழற்றி, விரல்களைப் பற்றி இழுத்தார். மகள் உரக்க ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பக்கத்தில் இருந்த சிங்களச் சிறுவன் ஒருவனும் அவளோடு சேர்ந்து தன் மொழியில் எண்ணத் தொடங்கினான். பத்துமுறை முடிந்தது. இஞ்சித் தேநீர் வந்தது. இருபது நிமிடம் கழித்து எழுந்து நின்று, காலை ஊன்றிப் பார்த்து, “மூண்டுக்கு வந்திட்டுது, பொய்யில்லை” என்றார். மகள் அவர் முகத்தைக் கூர்ந்து நோக்கினாள். பின்னர்தான் அனுமதி கிடைத்தது!

உச்சியும் நிழலும்

நான்கரை மணியளவில் உச்சியை அடைந்தோம். மேல் முற்றத்திலே பாதணியோடு செல்லலாகாது. குளிர்ந்த கல் வெறுங் குதிகாலுக்குப் பகை. தடித்த கம்பளிக் காலுறையோடு அண்ணர் சென்றார். திருவடியைப் பெரிய கல் ஒன்று மூடியுள்ளது. அதன்மேல் பொறித்த சுவட்டையே நாம் வணங்குகின்றோம் என்பர். பட்டுத் துணியும் மலரும் விளக்கொளியும் சூழ்ந்த அச்சந்நிதியிலே, நோவுற்ற பாதம் ஒன்று நோவறியாப் பாதத்தின் முன் நின்றது.

ஏறியவர் தாம் எத்தனையாவது முறை ஏறினரோ அத்தனை முறை மணியடிப்பது அங்கே வழக்கம். மகள் ஒருமுறை அடித்தாள். அண்ணர் எட்டு முறை அடித்தார். எட்டாவது ஓசை அடங்கும்வரை கயிற்றை விடாமலே நின்றார்.

ஆறு மணி கடந்ததும் கிழக்கே மலைத் தொடர்களின் பின்னிருந்து செங்கதிர் எழுந்தது. எல்லோரும் அப்பக்கம் நோக்கிக் கைகூப்பினர். சிறிது பொழுதில் மேற்குப் பக்கம் சென்று பார்த்தோம். மலையின் நிழல், பிசகில்லாத முக்கோணமாய், தாழ்வான முகில்களின் மேலும் காடுகளின் மேலும் நெடுந்தூரம் நீண்டு கிடந்தது. ஞாயிறு உயர உயர அந்நிழல் மலையடியை நோக்கிச் சுருங்கியது. சூழவுள்ள அக்காடு, 2010 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. “அளந்து முடியாத முக்கோணம்” என்றார் நில அளவையாளர்.

இறக்கமே சோதனை

ஏறினோம், முடிந்தது என்று எண்ணுவோரே பெரும்பாலும் காலைக் கெடுத்துக்கொள்வர். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் மூட்டுத் தேயும். இறங்கும் ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் பாரம் தாழ விழ, தொடைத் தசை நீண்டுகொண்டே அதனைத் தடுக்க வேண்டும். அத்தசை நோவு அன்றே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே உச்சம் பெறும். ஆகவே எட்டைக் குறுக்கி, முழங்காலைச் சிறிது மடித்து, ஊன்றுகோலை முன்னே ஊன்றி இறங்கினோம். சப்பாத்துக் கயிற்றைக் கணுக்கால் அருகே இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே வழுகி விரல்கள் மோதாது. நகத்தை இரு நாள் முன்பே வெட்டியிருத்தலும் அவசியம். அன்றேல் நகம் கறுத்து விழுவதுண்டு. காலையில் நம்மைத் தாண்டித் துள்ளிக் குதித்து ஓடிய இளைஞர் சிலரை, பத்து மணிக்குச் சீத்த கங்குலவில் முழங்காலைப் பிடித்தபடி கண்டோம்.

மறுநாட் காலை விடுதியில் அண்ணரின் முதல் எட்டை மகளும் நாமும் காத்திருந்து பார்த்தோம். விரல்களை இழுத்துப் பத்து எண்ணி, மெல்ல எழுந்து ஊன்றினார். “ரெண்டு” என்றார். முற்றிலும் சுகமென்று சொல்ல முடியாது. மேலும் மூன்று வாரம் நடையைக் குறைத்துப் பயிற்சியைத் தொடர்ந்தார். ஆனால் ஓராண்டுக்கு முன் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து நிலத்தை அஞ்சியவர், இப்போது நிலத்தை அறிந்தவராய் நடந்தார்.

குடும்பத்தோடு பாதமலை செல்ல எண்ணும் அன்பர்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்னரே படியேறிப் பழகத் தொடங்குதல் நன்று. புதிய சப்பாத்தை மலையில் முதன்முறை அணியலாகாது. நீரிழிவு உடையவர்கள் பாத உணர்ச்சி குறைந்திருக்கக் கூடுமாதலின் வெறுங்காலோடு ஏறாதிருக்கவும், இடையிடையே பாதங்களைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும். குதிகால் வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் கண்டாலோ, மரத்துப் போனாலோ, இரவிலும் ஓய்விலும் வலித்தாலோ, காலை ஊன்றவே இயலாவிட்டாலோ, வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழியாது வைத்தியரிடம் செல்க.

காலை வருத்தியே புண்ணியம் பெற வேண்டும் என்று பண்டையோர் எண்ணியிருக்கலாம். நாம் கண்டது வேறு. உச்சியிலுள்ள பாதத்தை வணங்கப் போகிறவர், தம்மைச் சுமந்து செல்லும் பாதத்தையும் சிறிது மதித்தல் வேண்டும். அது ‘நில்’ என்னும்போது நிற்பதும், ‘திரும்பு’ என்னும்போது திரும்புவதும், மீண்டும் வலுப்பெறும்வரை காத்திருப்பதும் யாத்திரையின் பகுதியே. மலை அடுத்த பருவத்திலும் அங்கேயே நிற்கும்.